அடித்தல் திருத்தல்: பதினொன்று

ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது சந்து. தார் இளகி நடக்கிறவர்களின் செருப்பைப் பிடித்து இழுத்தது. நாய்கூட சாக்கடை ஓரத்து ஈரத்தில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்த வெயிலில் பேய் பிசாசு ஞாபகம் யாருக்கு வரும்? காந்திமதிக்கும் வரவில்லை. அவள் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது உயிரோடு இருக்கிற ஒருவனின் பெயர். தயாளன்.

சந்தின் கடைசி வீட்டில் பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘சா. அசரியா, வழக்கறிஞர்’. கீழே சின்ன எழுத்தில் ‘பழைய புத்தகங்கள் கிடைக்கும்’. ஒன்றுக்கு வந்தவர்கள் மற்றதோடு திரும்புவது அங்கே வழக்கம். பொண்டாட்டியை விலக்கி வைக்க வந்தவன் சமையல் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒழுங்காக இருந்த கதையை அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அசரியா செத்து அன்றைக்கு முப்பத்தொன்பது நாள்.

அவருடைய அக்கா ரத்தினபாய் கதவைத் திறந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் எடுத்த குரல் இப்போது பாதியாக இறங்கியிருந்தது.

“வாம்மா. புரூஃப் மேஜைமேல இருக்கு. தயாளன் நாலு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்னு சொன்னான். நீ உள்ள போ, நான் வரல.”

“ஏன் டீச்சர்?”

“பென்சில் சீவுற சத்தம் கேக்குது. எலியா இருக்கும்.”

“எலி பென்சில் சீவுமா?”

“அதனாலதான் நான் வரல,” என்று சாவியை அவள் கையில் வைத்துவிட்டு ரத்தினபாய் சமையல்கட்டுப் பக்கம் போனார்.

முன்ஹால்தான் கடை. தரையிலிருந்து கூரைவரை இரும்பு ராக்குகள். ஜன்னல் சாத்தியிருந்ததால் மத்தியானமே அங்கே சாயங்காலமாக இருந்தது. பழைய காகிதத்தின் புளித்த வாசனை, பாச்சை உருண்டை வாசனை, இரண்டுக்கும் அடியில் மெல்லிசாகக் கிராம்பு. அசரியாவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. எப்போதும் வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பார்.

வாய் போய் முப்பத்தொன்பது நாளாகிறது. வாசனை போகவில்லை.

காந்திமதி முதல் வேலையாகக் கேஸ் கட்டுகள் இருக்கிற ராக்கைப் பார்த்தாள். எதிர்பார்த்ததுதான். பம்மல் கட்டு இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

அந்தக் கட்டில் அவள் வீடு இருந்தது. அவள் வீடு மட்டுமில்லை, பம்மல் தோல் கம்பெனிக்குப் பின்னால் லைன் வீடுகளில் முப்பது வருஷமாக இருக்கிற நாற்பத்திரண்டு குடும்பங்களின் வீடு. கம்பெனியை மூடிவிட்டு முதலாளியின் வாரிசுகள் நிலத்தை விற்கக் கிளம்பியபோது, செங்கல்பட்டு கோர்ட்டில் ஏழு வருஷம் நின்று தடுத்தவர் அசரியா. அவள் முதல் தடவை அம்மா பொன்னியம்மாளோடு இந்தக் கடைக்கு வந்ததும் அதற்காகத்தான். எண்பத்தைந்தாம் வருஷம், அவளுக்குப் பதினாறு வயது. பெரியவர்கள் நோட்டீஸைக் காட்டி அழுதுகொண்டிருக்க, அவள் ராக்கிலிருந்து ஒரு நாவலை உருவி நின்றபடியே படித்தாள்.

“உக்காந்து படிங்க. நின்னுகினே படிச்சா காலுதான் படிப்பாளி ஆவும்” என்றார் அவர், அவர்கள் பேச்சிலேயே.

“நான் ஒண்ணும் வாங்க வரல.”

“நானும் விக்க வரல. நான் வக்கீல். புஸ்தகம் எப்படி?”

“குப்பை.”

அன்றிலிருந்து அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். தோல் கழுவிய சுண்ணாம்பில் விரல் வெந்துபோன பொம்பளையின் மகள், பி.ஏ. முடிக்கிறவரை அந்தக் கடையின் மூலையில் உட்கார்ந்துதான் படித்தாள். எந்தப் புத்தகத்துக்கும் அவர் காசு கேட்டதில்லை, கொடுத்ததைத் திரும்பக் கேட்டதும் இல்லை. அவள் பதிலுக்கு மனுக்களை ஒப்புப் பார்த்துக் கொடுத்தாள். அப்போதுதான் அவருடைய ஒரு பழக்கம் அவளுக்குப் புரிந்தது.

மனுவோ பத்திரமோ, ஒவ்வொரு பக்கத்திலும் அவர் வேண்டுமென்றே ஒரு வார்த்தையைத் தப்பாக டைப் அடிப்பார். பிறகு ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலால் அதன்மேல் சிவப்புக் கோடு போடுவார். பக்கத்தில் சின்னதாக ‘அ’ என்று போடுவார். கட்சிக்காரரும் அதை ஒட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். பக்கத்தின் அடியில் ‘அடித்தல் திருத்தல்: ஒன்று’ என்று எழுதுவார்.

“பேஜார் புடிச்ச வேலை சார் இது. எல்லா வக்கீலும் ‘அடித்தல் திருத்தல் இல்லை’ன்னு போட்டுட்டுப் போறாங்க” என்று அவள் ஒருநாள் எரிந்து விழுந்தாள்.

“சுத்தமான பக்கம் யாருக்கும் சொந்தமில்ல, ஜட்ஜம்மா. அதை உருவிட்டு வேற ஒண்ணைச் சொருகிடலாம். தப்பு பண்ணி, அடிச்சு, ரெண்டு பேர் ஒத்துக்கிட்ட பக்கத்தை எவனும் மாத்த முடியாது. அடிச்சவன் ஒருத்தன், ஒத்துக்கிட்டவன் ஒருத்தன். ஒரு கையெழுத்து இருந்தா அது கிறுக்கல். ரெண்டு இருந்தா சட்டம்.”

அந்தக் கடையில் ரப்பரே கிடையாது. அடித்ததை அழிக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

அவருடைய ஜூனியர் தயாளனுக்கு இது எட்டு வருஷமாகியும் புரியவில்லை. கிழவருக்குக் கண் மங்கிவிட்டது, டைப் தப்பாக அடிக்கிறார் என்று கோர்ட் கேன்டீனில் சொல்லிச் சிரிப்பான். போன வாரம் லைன் வீடுகளுக்குக் கோர்ட்டிலிருந்து வந்த நகலில் அந்தப் புத்திசாலித்தனம் பல்லிளித்தது. முப்பது நாளில் காலி செய்கிறோம் என்று நாற்பத்திரண்டு குடும்பமும் ஒப்புக்கொண்டதாக ஒரு சமரச மனு. பதினொரு பக்கம். கடைசிப் பக்கத்தில் எல்லோருடைய கைநாட்டும் நிஜம், அசரியாவின் கையெழுத்தும் நிஜம், அடியில் ‘ஒன்று’. முந்தின பத்துப் பக்கத்திலும் ‘அடித்தல் திருத்தல் இல்லை’. பட்டா கேட்டு அவர் எழுதிய மனுவின் வால் அது. தலையையும் உடம்பையும் வெட்டிவிட்டு வேறு ஒட்டியிருந்தான். திங்கட்கிழமை விசாரணை. பழைய பத்துப் பக்கத்தின் கார்பன் நகல் அந்தக் கட்டில்தான் இருந்தது. கட்டு தயாளனிடம் இருந்தது.

அப்பேர்ப்பட்டவன்தான் நாளைக்கு அசரியாவுக்கு நினைவுக் கூட்டம் நடத்துகிறான். நினைவு மலரும் போடுகிறான். பிழை திருத்த ஆள் வேண்டும் என்றதும் காந்திமதி ஒப்புக்கொண்டாள். கடைக்குள் வர அதுவே வழி.

கட்டு இல்லையென்று ஆனபிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அசரியா உட்கார்ந்தபடியே உயிர் விட்ட நாற்காலி. மேஜையில் அந்தப் பென்சில் கிடந்தது. சிவப்பு முனை ஊசியாகச் சீவியிருந்தது.

தயாளனின் கட்டுரைக்கு ‘என் ஆசான்’ என்று தலைப்பு. முதல் பத்தியிலேயே, ‘கடைசி மூச்சுவரை என் கையை அவர் விடவில்லை.’

அவர் காலையில் தனியாகச் செத்தார். கண்டுபிடித்தது பால்காரர்.

அவள் பென்சிலை எடுத்து அந்த வரிமேல் கோடு போட்டாள். பழக்க தோஷம், பக்கத்தில் ‘கா’ என்று போட்டாள். அடுத்த பொய்க்கு அடுத்த கோடு. ‘பம்மல் வழக்கைச் சமரசமாக முடிக்க அவரே ஆசைப்பட்டார்’ என்ற வரியில் பென்சில் தாளைக் கிழித்தது. கடைசி வரி, ‘இனி அவருடைய குரல் என் நாவில் ஒலிக்கும்.’ அதன்மேல் பல்லைக் கடித்துக்கொண்டு கோடு போட்டாள். எண்ணிப் பார்த்து அடியில் எழுதினாள். ‘அடித்தல் திருத்தல்: பதினொன்று.’

மின்சார ரயில் ஒன்று போனது. ராக்குகள் வழக்கம்போல அதிர்ந்தன.

ரயில் போய்விட்டது. மூன்றாவது ராக் மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. சர்ர்... சர்ர்... பிளேடு மரத்தைச் சீவுகிற சத்தம். அவசரமே இல்லாமல்.

“டீச்சர்?”

சத்தம் நின்றது.

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். யாருமில்லை. தரையில் சுருள் சுருளாகச் சிவப்பு விளிம்பு வைத்த பென்சில் சீவல். தொட்டாள். புதுசு, ஈரமரம்போல மெத்தென்றிருந்தது. கிராம்பு வாசனை முகத்துக்கு நேரே, யாரோ குனிந்து மூச்சுவிடுகிற தூரத்தில் வந்தது.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தயாளன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு உள்ளே வந்தான்.

“என்ன காந்திமதி, நிறைய தப்பா?”

“பதினொண்ணு.”

அவன் தாளைத் தூக்கிப் பார்த்தான். முகம் கறுத்து, பிறகு சிரித்தான். “உன் கோவம் இன்னும் போகலியா? நீ அடிச்சா ஆச்சா? நான் வேற தாள்ல டைப் பண்ணிப் படிச்சுக்கறேன். அது சரி, உன் கையெழுத்துப் பக்கத்துல இதென்ன இன்னொண்ணு?”

“எது?”

“இந்த ‘அ’. பதினொரு இடத்துலயும் போட்டிருக்கியே. செத்துப்போனவர் கையெழுத்தைப் போடுறது குற்றம் தெரியுமில்ல?”

“அது உங்க வேலையாச்சே சார்” என்று வாய் சொல்லிவிட்டது. கண் தாளில் நின்றது. ஒவ்வொரு ‘கா’வையும் ஒட்டி ஒரு ‘அ’. வால் கொஞ்சம் நீண்ட, எட்டு வருஷமாக அவள் பார்த்த ‘அ’.

அவள் அதைப் போடவில்லை.

தயாளன் தாளை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு போனான். அவள் கதவைப் பூட்டும்போது உள்ளே மறுபடி ஆரம்பித்தது. சர்ர்... சர்ர்...

மறுநாள் மூன்று மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச்சின் ஹாலில் கூட்டம். வக்கீல்கள், வாத்தியார்கள், கடையில் புத்தகம் எடுத்துப் படித்தவர்கள் என்று நூறு பேர். லைன் வீட்டு ஜனங்கள் கடைசி வரிசையில். பொன்னியம்மாள் மகளின் காதைக் கடித்தாள்.

“இந்தக் கஸ்மாலத்துக்கு மாலை வேற போட்டுக்கீறாங்க பாரு.”

“சும்மா இரும்மா.”

தயாளன் மைக்குக்கு முன்னால் போய் நின்றான். கையில் புதிதாக டைப் அடித்த சுத்தமான தாள். கைப்பையை நாற்காலியில் வைக்காமல் அக்குளில் இடுக்கியிருந்தான்.

“கடைசி மூச்சுவரை என் கையை அவர் விடவில்லை.”

அவனுடைய வலது மணிக்கட்டில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.

அவன் பார்க்கவில்லை. காந்திமதி பார்த்தாள். மை என்று நினைத்தாள். நினைக்கப் பார்த்தாள்.

இரண்டாவது பொய். முழங்கையில் கோடு. மூன்றாவதுக்குக் காலர் ஓரத்தில். நான்காவது பம்மல் வரி. அப்போது அவன் இடது கன்னத்தில், காதிலிருந்து உதட்டோரம்வரை, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராகக் கோடு விழுந்தது. எறும்பு ஊர்கிறாற்போல அவன் தேய்த்துவிட்டான். கைக்குட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை.

“இன்னாடி அது, அவன் மூஞ்சில?” என்றாள் பொன்னியம்மாள். “யாரு கிறுக்குறாங்க?”

ஹாலில் கிராம்பு வாசனை எழுந்தது.

மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனாலும் வாசனை கலையவில்லை.

ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. முன்வரிசையில் யாரோ எழுந்து, “தம்பி, ரத்தமா அது?” என்றார். தயாளன் தாளைப் பார்த்தான். வாசிப்பதை நிறுத்தப் பார்க்கிறான் என்பது தெரிந்தது. வாய் மட்டும் அடுத்த வரியைச் சொன்னது.

ஒன்பது.

பத்து. நெற்றியில், குறுக்கே.

மைக்கின் தண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றவன், மேடையைவிட்டு இறங்கி நேராகக் கடைசி வரிசைக்கு வந்தான். மயக்கமோ என்று ஜனம் வழிவிட்டது. காந்திமதியின் முன்னால் குனிந்தான். வியர்வை கோடுகளின்மேல் ஓடியும் அவை கரையவில்லை.

“அழிச்சிடு,” என்றான் மூச்சுக்குரலில். “நீ அடிச்சதுதானே? அழிச்சிடும்மா.”

“கட்டு எங்க?”

பையை அவள் மடியில் போட்டான். “எடுத்துக்கோ. பத்துப் பக்கமும் இருக்கு. எரிச்சுப் பாத்தேன். மூணு தடவை. தீ பிடிக்கல.”

பையின் வாய் திறந்திருந்தது. கருகாத கார்பன் நகல்கள். முதல் பக்கத்தில் சிவப்புக் கோடு, ஒரு ‘அ’, அதை ஒட்டி அவள் அம்மாவின் பெருவிரல் ரேகை.

கேட்டது கிடைத்துவிட்டது. அவள் எழுந்து, ‘போதும் சார், விட்டுருங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்கக்கூடியவர் அந்த ஹாலில்தான் இருந்தார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஏழு வருஷம் அம்மா கோர்ட் வராந்தாவில் குந்தியிருந்ததும், இவன் ‘ஏய் பொம்பளே, தள்ளிப் போ’ என்றதும் ஞாபகம் வந்தன.

“கடையில ரப்பர் கிடையாது,” என்றாள். “உங்களுக்குத்தான் தெரியுமே.”

தயாளன் நிமிர்ந்தான். மேடைக்குப் போகவில்லை. மைக் இல்லை, தாளும் இல்லை. அங்கேயே, அவள் முகத்துக்கு நேராக, வாய் தானாகத் திறந்தது.

“இனி அவருடைய குரல் என் நாவில்...”

குரல் அறுந்தது.

வாய் திறந்தே இருந்தது. நாக்கின்மேல், நுனியிலிருந்து அடிவரை, ஒரே கோடு.

ஹாலில் பலர் கத்தினார்கள். அவன் மட்டும் கத்தவில்லை. அவனால் முடியவில்லை.

திங்கட்கிழமை கோர்ட்டில் பத்துப் பக்கக் கார்பன் நகலையும் பத்துப் பக்கச் சமரசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மனு தள்ளுபடி. வழக்கு பழையபடி நடக்கும் என்றார் நீதிபதி. லைன் வீடுகளில் அன்றைக்கு மீன் குழம்பு மணத்தது. தயாளனுக்குப் பக்கவாதம் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். கோடுகள் ஏதோ ஒவ்வாமையாம். பேச்சு வரவில்லையே என்று காகிதமும் பேனாவும் கொடுத்தால், எழுதிய வரியை அவன் கையே உடனே அடித்துவிடுகிறதாம்.

பத்து நாள் கழித்து அச்சகத்திலிருந்து லாசரஸ் வந்தார். “தயாளன் சார் கட்டுரையைப் போட முடியாது. முதல் பக்கம் காலியா இருக்கு. நீங்களே எழுதிக் குடுங்கம்மா.”

காந்திமதி கடையில் உட்கார்ந்தே எழுதினாள். காலை பத்து மணி. எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தாள். வெயில் மேஜைவரை வந்திருந்தது. நின்று படித்த அந்த முதல் நாளை எழுதினாள். ஜட்ஜம்மாவை எழுதினாள். எழுத எழுத அழுகை வந்தது, எழுதி முடித்தபோது மனசு லேசாகிவிட்டது. ஒரே பக்கம். கடைசி வரி இப்படி இருந்தது: ‘தனக்குத் தீங்கு செய்தவனுக்குக்கூட அவர் தீங்கு நினைத்ததில்லை.’

அடித்தல் எதுவும் இல்லாத சுத்தமான பக்கம்.

ரத்தினபாய் டீக்குக் கூப்பிட்டார். அவள் கடையைப் பூட்டிக்கொண்டு போய் டீ குடித்துவிட்டு வந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மேஜையைச் சுற்றிப் பென்சில் சீவல்.

கடைசி வரியின்மேல் சிவப்புக் கோடு. ஒரே இழுப்பில், நிதானமாக, நேராக. அதன் பக்கத்தில் வால் நீண்ட ‘அ’. பக்கத்தின் அடியில் ‘அடித்தல் திருத்தல்: ஒன்று’.

‘அ’வுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. ஒரே ஒரு எழுத்து கொள்கிற இடம்.

ராக்குக்குப் பின்னால் யாரோ காத்திருந்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது. கிராம்பு வாசனை அவள் தோளருகே வந்து நின்றது.

காந்திமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்தாள். யாரோ இப்போதுதான் கீழே வைத்ததுபோல அது வெதுவெதுப்பாக இருந்தது.

விட்டிருந்த இடத்தில் ‘கா’ என்று போட்டாள்.